சோடியம் எங்கிருந்து வந்தது

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். ஃபேன் போதுமா? காபி இதோ வந்துவிடும், டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது.

உங்களை அக்கா என்றே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முறைப்படி மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். இவருடைய பிஎச்டி வைவாவில் கேள்வி கேட்க வந்திருக்கும் எக்ஸ்டர்னலின் மனைவி நீங்கள். ஆனால் மேடம் என்ற சொல்லை இந்த வீட்டில் ஒருத்திக்கென்று ஒதுக்கியாகிவிட்டது. அதை இன்னொருவருக்குச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்த ஒருத்திக்குச் சொல்லவும் வருவதில்லை, அது வேறு விஷயம்.

பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும், அதற்கப்புறம் பழனிக்குக் கிளம்பலாம் என்று உங்கள் சார் சொல்லிவிட்டுப் போனாரா? முடியாது அக்கா. என் வீட்டுக்காரரை உங்கள் சாருக்குத் தெரியாது. தண்டபாணி வாயைத் திறந்தால் தண்ணீர் லாரி திறந்த மாதிரி, தானாகக் காலியானால்தான் உண்டு. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி பாடம் நடத்தின வாய். இன்றைக்கு ஐம்பத்தாறு வயதில் கோட்டு போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி போயிருக்கிறார். அந்தக் கோட்டு எங்கள் கல்யாணத்துக்குத் தைத்தது. பட்டன் போடாமல் இருந்தால் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். போட்டிருப்பார்.

உங்களுக்கு நேரம் போக வேண்டுமே. கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் உங்கள் சாரிடம் சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை. நான் மறைக்கிற ஆள் இல்லை.

இவருக்கு பிஎச்டி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது இல்லாமலே போதும் என்றார்கள். அப்புறம் போதாது என்றார்கள். அதற்குள் இவரிடம் படித்தவர்கள் எல்லாம் பிஎச்டி வாங்கிவிட்டு வந்து, இதே காலேஜில், இவருக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூம் கதவில் பெயர்ப் பலகை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முனைவர், முனைவர், முனைவர், நடுவில் திரு. தண்டபாணி. கூட்டத்தில் சட்டை போடாமல் நிற்கிறவர் மாதிரி.

ஒருநாள் வந்து சொன்னார். “இந்து, பார்ட் டைம்ல பதிவு பண்ணிட்டேன்.”

“யார்கிட்ட?”

“ரூபகலாகிட்ட.”

ரூபகலா யார் தெரியுமா? இவருடைய மாணவி. பி.எஸ்.சி. படிக்கும்போது ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமையானால் இங்கே வந்து நிற்பாள். அந்த மூலையில் உட்கார்ந்து அடை சாப்பிடுவாள். ரெட்டைப் பின்னல், எண்ணெய் வழியும். அவள்தான் இப்போது டிபார்ட்மென்ட் தலைவி, இவருக்கு கைடு. இவர் அவளை மேடம் என்று கூப்பிடுகிறார். “வீட்டுக்குள்ளயாவது பேரைச் சொல்லுங்களேன்” என்றேன். “பழக்கம் மாறிடும் இந்து, அங்க போய் வாய் தவறி வா போன்னு சொல்லிட்டா அவங்களுக்குச் சங்கடம்” என்றார். அவங்களுக்குச் சங்கடமாம். இவருக்கு இல்லையாம்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இவரை சார் என்றுதான் கூப்பிடுவாள், இவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள் என்று கேள்வி. எல்லாம் நடிப்பு.

பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கு இருக்கிறதே, உங்களுக்குத் தெரியாததா. கொடுத்த காலம் முடிந்து, நீட்டித்த காலம் முடிந்து, கடைசி நீட்டிப்பும் முடியப்போகிற நேரம். ஒரு பேப்பர் வந்திருந்தது. இன்னொன்று நல்ல பத்திரிகையில் வந்தால்தான் தீசிஸை வாங்குவார்கள். வராவிட்டால் பதிவு ரத்து. இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து யார் சேர்ப்பார்கள்? நாளைக்கு ரிட்டயர்மென்ட் அழைப்பிதழில் திரு என்று அச்சடிப்பதா, முனைவர் என்று அச்சடிப்பதா, அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்று நான் சொல்வேன். அவர் தூக்கத்தில் புரண்டு படுக்கிற சத்தத்தில் அவ்வளவுதான் என்று தெரியவில்லை.

இந்தாருங்கள் காபி. சர்க்கரை சரியா பாருங்கள்.

சரி, அந்த இரண்டாவது பேப்பருக்கு ஒரு படிகம் வேண்டும். கல்கண்டு மாதிரி. பெனாந்த்ரோலின் என்று ஒரு சாமான் இருக்கிறது. மூன்று வளையம் ஒட்டினாற்போல இருக்குமாம், அதில் இரண்டு நைட்ரஜன் நண்டின் கொடுக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமாம். நடுவில் ஒரு உலோகம் வந்தால் லபக்கென்று பிடித்துக்கொள்ளும். இவர் பிடிக்க வைக்க நினைத்தது ஜிங்க். சாப்பாட்டு மேஜையில் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு எனக்குக் காட்டுவார். சாம்பார் ஒழுகும். “கையை மடக்குங்க, குழம்பு சொட்டுது” என்பேன். மடக்க மாட்டார். மடக்கினால் கெமிஸ்ட்ரி போய்விடும்.

இந்தச் சாமானை எல்லாம் ஆல்கஹாலில் கரைத்து, சின்ன பாட்டிலில் ஊற்றி, வாயில் தாள் கட்டி, ஊசியால் ஓட்டை போட்டு, ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். மெதுவாக ஆவியாகும்போது படிகம் வளரும். வளரும் என்பது நம்பிக்கைதான். பெரும்பாலும் வளராது. இவருக்கு வருஷக்கணக்கில் பொடிதான் வந்தது.

போன கோடையில் ஏதோ கமிட்டி பார்வைக்கு வருகிறது என்று காலேஜ் முழுக்க வெள்ளையடித்தார்கள். லேபைப் பூட்டிவிட்டார்கள். வாசலில் கோலம் போடச் சொன்னார்கள், உள்ளே வேலை செய்ய விடவில்லை. இவர் என்ன செய்தார், மருந்துக்கடையில் கெஞ்சிக் காலி இன்ஜெக்‌ஷன் பாட்டில்களை ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டில் எது அசையாத இடம் என்று தேடினார். அதோ அந்த ஷோகேஸ். கீழ்த் தட்டில் என் கப் இருக்கிறது பாருங்கள், வெள்ளி நிறத்தில். கான்வென்ட்டில் சுத்தத்துக்காக எனக்குக் கொடுத்தது. தொடர்ந்து மூன்று வருஷம் எனக்குத்தான். அதற்குப் பக்கத்தில் வரிசையாக இவருடைய பாட்டில்கள்.

அந்தக் கோடை முழுக்க இந்த வீட்டில் மனுஷி நடக்கவில்லை அக்கா, பூனை நடந்தது. மிக்சி போடக் கூடாது, அதிரும். கதவை அறையக் கூடாது, அதிரும். துணி அடித்துத் துவைக்கக் கூடாது. மிக்சியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்மேல் வைத்து, நீள ஒயர் இழுத்துச் சட்னி அரைத்தேன். எதிர்வீட்டுப் பூங்கோதை எட்டிப் பார்த்து, “என்னங்க, அடுப்பு மட்டும்தான் உள்ள இருக்கா?” என்றாள். “ஆமா, மத்ததெல்லாம் ஆராய்ச்சி” என்றேன்.

இங்கே நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டிலைக் கழுவினது நான். இவரிடம் விட்டால் குழாயைத் திறந்து விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். உங்கள் ஊர் எது, திருநெல்வேலியா? அப்படியென்றால் உங்களுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குத் தாமிரபரணி. எங்களுக்கு லாரி. திண்டுக்கல்லில் தண்ணீரை வீணாக்கினவள் ஒரு வாரம் முகம் கழுவ மாட்டாள்.

நான் கழுவுவது கான்வென்ட் முறை. சிஸ்டர் எமரன்சியா சொல்லிக்கொடுத்தது. ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அதில் ஒரு கைப்பிடி வாஷிங் சோடா. ஊறட்டும். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் நல்ல தண்ணீர், ஒரே ஒரு பாத்திரம். சோடாவிலிருந்து எடுத்து இதில் ஒரு முக்கு. அப்படியே கவிழ்த்துத் துணிமேல், வெயிலில். குழாயில் கை வைக்கிற பேச்சே இல்லை. போர்டிங்கில் எண்பது பெண்களின் தட்டும் டம்ளரும் ஒரே அண்டாத் தண்ணீரில் அலசுவோம். கடைசித் தட்டு வரும்போது தண்ணீர் இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும். அதிலும் அலசலாம். காய்ந்ததும் ஓரத்தில் ஒரு வெண்மை பூக்கும் பாருங்கள், பனி படிந்த மாதிரி. அதுதான் சுத்தத்துக்கு அடையாளம். இந்தக் காலத்துப் பெண்களின் பாத்திரத்தில் அதை எங்கே பார்க்கிறீர்கள்? பளபளவென்று இருக்கும், அவ்வளவுதான்.

சித்திரை போய் வைகாசி வந்தது. ஒருநாள் காலையில் இவர் ஷோகேஸ் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் டார்ச். நெஞ்சுவலியோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், என் கப்புக்குப் பக்கத்து பாட்டிலில், அடியில் வெள்ளைச் சேறு மாதிரி ஏதோ படிந்திருக்க, அதற்கு மேல் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு கல். கடுகைவிடச் சின்னது. பட்டை தீட்டினாற்போல முனைமுனையாக.

“இந்து, மூச்சு விடாத” என்றார்.

எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது தொட்டிலை இவர் இப்படிப் பார்க்கவில்லை. “கண்ணாடி போட்டுட்டு வரேன்” என்று போனவர், நர்ஸ் தேடிப் போகிறவரைக்கும் வரவில்லை.

அந்தக் கல்லை மெட்ராசில் ஒரு பெரிய இடத்துக்கு அனுப்பி, எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தார்கள். நம் எக்ஸ்ரே இல்லை, உள்ளே எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படம் வரைந்து தருகிற எக்ஸ்ரே. படம் வந்த அன்றைக்கு ரூபகலா போன் செய்தாள். இவர் காதில் வைத்துக்கொண்டு, “சொல்லுங்க மேடம்... சரிங்க மேடம்... ஜிங்க் இல்லையா மேடம்?” என்றார். போனை வைத்துவிட்டு ஷோகேஸைப் பார்த்தார்.

“என்னாச்சு?”

“ஜிங்க் இல்ல இந்து. நடுவுல சோடியம்.”

“சோடியம்னா உப்புல இருக்குமே, அதுவா?”

“அதுதான்.”

“இத்தனை வருஷம் ஆராய்ச்சி பண்ணி உப்பைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. என்கிட்ட கேட்டிருந்தா அஞ்சறைப் பெட்டி பக்கத்துலயே காட்டியிருப்பேன்.”

சிரிக்கவில்லை. ஆனால் அவள் விடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். இது ஜிங்கைவிட நல்லது என்றாளாம். ஜிங்கை யார் வேண்டுமானாலும் பிடிப்பார்களாம். சோடியம் யார் கையிலும் நிற்காதாம். தண்ணீர் வந்தால் தண்ணீரோடு போய்விடுமாம், ஆக்சிஜன் கிடைத்தால் அதோடு போய்விடுமாம், நைட்ரஜன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதாம். அதை மூன்று பெனாந்த்ரோலின் சேர்ந்து சுற்றி வளைத்துப் பிடித்திருக்கிறது என்றால் அபூர்வம்தானாம். படத்தைக் காட்டினார். நம் சீலிங் ஃபேன் மாதிரி மூன்று இறக்கை, நடுவில் நட்டு மாதிரி ஒரு உருண்டை. அந்த நட்டுதான் சோடியம். வீடு முழுக்க இருக்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத சாமான். மூன்று பெரிய ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அதை உருவிவிட்டால் மூன்றும் பொடி. எனக்கென்னவோ அந்த மூன்று பேரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது கிடக்கட்டும், அன்றைக்கு மிக்சியை உள்ளே கொண்டுவந்துவிட்டேன், அதுதான் எனக்கு முக்கியம்.

அப்புறம்தான் வந்தது வினை. எதையும் இன்னொரு தடவை செய்து காட்ட வேண்டுமாம். அதோடு சோடியம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமாம். இவர் போட்ட சாமானில் எதிலும் சோடியம் கிடையாது. லேப் திறந்ததும் அங்கே போய்ச் செய்தார். வரவில்லை. உப்பைப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. காஸ்டிக் சோடாவைப் போட்டார். பொடி. மறுபடி போட்டார். மறுபடி பொடி. ஆவணி பிறந்துவிட்டது. கடைசித் தேதி கண்ணுக்குத் தெரிகிறது. மனிதர் இளைத்துவிட்டார். தட்டில் வைத்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறார். என் சமையலைப் பாதியில் விட்டு எழுந்த ஆள் அதுவரை இந்த வீட்டில் கிடையாது.

ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இந்து, அந்த பாட்டில் கழுவினப்போ, கடைசியா எத்தனை தண்ணில அலசின?”

“ஏன்?”

“சும்மா.”

“இருபத்தேழு வருஷமா இந்த வீட்டுத் தட்டுல சாப்பிடுறீங்க. என்னைக்காவது ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்ததா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“ஒண்ணுமில்ல இந்து. ரசம் நல்லா இருக்கு.”

அன்றைக்கு ரசமே வைக்கவில்லை. அது மோர்க்குழம்பு. அடுத்த இரண்டு நாள் வெறும் ரசம்தான் வைத்தேன். அதற்கப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. போனில் அவளிடமும் சொன்னார், என் காதால் கேட்டேன். “என் வீட்ல கழுவினா கழுவினதுதான் மேடம். அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பே இல்ல. வேற எங்கயாவது தேடுவோம்.” இந்த மனிதரிடம் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் நியாயம் தெரிந்தவர்.

அவள் விடுவாளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். இவர் வெளியே போயிருந்த நேரம். பின்னல் போய் கிராப் வந்திருக்கிறது. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குள் வந்தாள், பழைய உரிமையாம்.

“ஆன்ட்டி, உங்க காபி குடிச்சு எத்தனை நாளாச்சு” என்றாள்.

“மேடத்துக்கு எல்லாம் எங்க வீட்டுக் காபி சரிப்படுமா?”

“திட்டுங்க ஆன்ட்டி. ஆனா குடுத்துட்டுத் திட்டுங்க.”

கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். “அப்பவும் இதே ருசிதான் ஆன்ட்டி. வேற எங்க குடிச்சாலும் இந்த ருசி வராது. நானும் என்னென்னவோ பண்ணிப் பார்த்திருக்கேன்” என்றாள். அவளைப் பற்றி என்ன சொன்னாலும் நாக்கு இருக்கிறது.

குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? “நானே கழுவறேன்” என்று தொட்டிப் பக்கம் வந்தாள். அங்கே என் இரண்டு பாத்திரமும் இருக்கிறது. முதல் பாத்திரத்தில் டம்ளரை விட்டு எடுத்தாள். இரண்டாவது பாத்திரத்தில் முக்கினாள். முக்கின கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள்.

“தண்ணி வழவழன்னு இருக்கு ஆன்ட்டி.”

“போர் தண்ணி.”

“போர் தண்ணி சொரசொரன்னுதான் ஆன்ட்டி இருக்கும்.”

“அப்ப லாரித் தண்ணி.”

துணிமேல் கவிழ்த்திருந்த டம்ளர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்து வெண்மையை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, டம்ளரைப் பத்திரமாக வைத்துவிட்டாள்.

“ஆன்ட்டி, நீங்க கழுவின பாட்டில்லதான் அந்தப் படிகம் வந்துச்சு. லேப்ல நாங்க கழுவினதுல வர மாட்டேங்குது. உங்க கைராசி. ஒரு அஞ்சாறு பாட்டில் இதே மாதிரி, இதே தண்ணில, கழுவிக் குடுங்களேன். கொஞ்சம்கூட மாத்தாம.”

“கெமிஸ்ட்ரில கைராசி எல்லாம் உண்டா?”

“எல்லாத்துலயும் உண்டு ஆன்ட்டி.”

கெட்டிக்காரி. நான் பிடிவாதம் பிடித்திருக்கலாம். ஆனால் இவர் இளைத்துக்கொண்டே போகிறாரே. கழுவிக் கொடுத்தேன். தாளில் சுற்றி, கைக்குழந்தையை எடுத்துப் போகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

வந்தது அக்கா. எல்லா பாட்டிலிலும் வந்தது. அதே சேறு, அதே கல். கைராசி என்று அவள் சொன்னது நிஜம்தான் என்று அப்போதே இவரிடம் சொன்னேன். இவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் இன்னும் தொங்கிப்போயிற்று. பேப்பரை அவள் எழுதி, பார்க்கச் சொல்லி இவருக்கு அனுப்பியிருக்கிறாள். இவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார், எனக்குக் காட்டவில்லை. நான் பக்கத்தில் போனால் மூடி வைக்கிறார். இருபத்தேழு வருஷத்தில் என்னிடம் மறைக்க இவருக்கு ஒன்றும் இருந்ததில்லை.

ஒருநாள் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போன் பேசிக்கொண்டிருக்கிறார்.

“அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க மேடம்... தெரியுது மேடம், அது இல்லாம போட மாட்டாங்க... போடலன்னா போகட்டும் மேடம். இல்ல, அவ மனசு கஷ்டப்படும். அவ அதுல ரொம்ப... உங்களுக்கே தெரியும்ல. திருவாவே ரிட்டயர் ஆயிட்டுப் போறேன். இத்தனை வருஷம் அப்படித்தானே ஓடுச்சு.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு கோடை முழுக்க கொல்லையில் சட்னி அரைத்தவள் நான். இவர் பாட்டுக்கு ஒரு வரிக்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிறார். துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டுப் போய் நின்றேன்.

“எந்த வரி?”

போனைக் கீழே போடப் பார்த்தார். “ஒண்ணுமில்ல இந்து.”

“எந்த வரின்னு கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும். குடுங்க.”

கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படித்தேன். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன், சோடியம் கார்பனேட் என்று வருவது நம் வாஷிங் சோடாதான். ‘குப்பிகள் சோடியம் கார்பனேட் கரைசலில் ஊறவைக்கப்பட்டு, ஒரே பாத்திரத்து நீரில் ஒருமுறை முக்கி எடுக்கப்பட்டு, வெயிலில் உலர்த்தப்பட்டன. கார்பனேட் ஜிங்கைச் சேறாகப் படியவைத்தது; படிகத்தில் உள்ள சோடியம் இந்தக் கழுவும் முறையிலிருந்தே வந்தது.’ இரண்டு தடவை படித்தேன். இவர் கொடியை விடவில்லை.

“இதுல தப்பு இருக்கு” என்றேன்.

“நான்தான் எடுக்கச் சொல்லிட்டேனே இந்து. மேடம் கேட்டுக்குவாங்க. நீ ஒண்ணும் மனசுல...”

“கவிழ்த்துங்கிற வார்த்தை எங்க? கவிழ்த்துக் காய வைக்கணும். நிமிர்த்தி வச்சா தூசி விழும். உலகம் முழுக்கப் படிக்கப் போறாங்க, பாதி முறையை எழுதினா எப்படி? நாளைக்கு எவளாவது நிமிர்த்தி வச்சிட்டு வரலைன்னு சொன்னா யாருக்குக் கேவலம்?”

இவர் என்னையே பார்த்தார். அப்படியே தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. வெயில். கீழே கூட்டிக்கொண்டு போய் மோர் கொடுத்தேன்.

“வேற ஒண்ணும் இல்லையே இந்து? வருத்தம் ஏதும் இல்லையே?”

“இருக்கு. என் வேலையை வெளிநாட்டுப் பத்திரிகையில போடறீங்க. அதை என்கிட்டயே ஒளிச்சு வைக்கிறீங்க. அடுத்தவங்க வேலையைத் தன் வேலைன்னு போட்டுக்கறதுக்கு உங்க உலகத்துல ஒரு பேரு இருக்குமே.”

“இருக்கு” என்றார். மோரை ஒரே மூச்சில் குடித்தார். அன்றைக்கு ராத்திரி தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

பேப்பர் வந்துவிட்டது. கவிழ்த்து என்று சேர்த்திருக்கிறார்கள். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் என் பெயரும் இருக்கிறது. திருமதி இந்துமதி தண்டபாணிக்கு, குப்பிகளைத் தயாரித்துத் தந்தமைக்காக. கழுவி என்று போடவில்லை, தயாரித்து என்று போட்டிருக்கிறாள். ரூபகலா எழுதினதுதான். அந்த மட்டுக்கும் விவரம் இருக்கிறது. ஆனால் மேடம் என்று நான் கூப்பிட மாட்டேன்.

இருங்கள், போன்.

சொல்லுங்க... முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? சரி... சரி... டாக்டரா? இன்னிக்கேவா? சரி, அழாம பேசுங்க, பக்கத்துல யாராவது இருக்கப் போறாங்க. பட்டன் போட்டீங்களா? தெரியும்... என்ன கேட்டாரு? சோடியம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டாரா? நீங்க என்ன சொன்னீங்க? ... என் வீட்டுல இருந்துன்னா? அப்படியேவா சொன்னீங்க? எல்லாரும் கை தட்டினாங்களா? சிரிச்சாங்களா, தட்டினாங்களா, சரியாச் சொல்லுங்க... சரி. ஆமா, இங்கதான் இருக்காங்க. குடுத்தேனே, வந்ததுமே காபி குடுத்தேன்... எந்த டம்ளர்லயா? நம்ம டம்ளர்லதான், வேற எதுல? வைங்க.

கேட்டீர்களா அக்கா? டாக்டர் ஆன மனிதர் கேட்கிற கேள்வி, எந்த டம்ளரில் கொடுத்தாய் என்று. சரி, முனைவர் தண்டபாணி. நன்றாகத்தான் இருக்கிறது சொல்ல. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, இந்த ஃபேனைத் துடைக்க வேண்டும். உங்கள் சார் அரை மணி நேரத்தில் வந்துவிடுவாராம், சாப்பிட்டுவிட்டுப் பழனிக்குக் கிளம்புங்கள்.

என்ன பாதியில் வைத்துவிட்டீர்கள்? ஆறிப்போய்விட்டதா? என்னது, ருசியா? வித்தியாசமாக இருக்கிறதா? எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் அக்கா. வேறு எங்கே குடித்தாலும் அது வராது. கொடுங்கள், சூடாக இன்னொன்று தருகிறேன். டம்ளரை அங்கேயே வையுங்கள், நீங்கள் கழுவ வேண்டாம், விருந்தாளி. நான் ஒரு முக்கு முக்கி எடுத்துக்கொள்கிறேன்.